கொடிகாமத்துக்குப் போன பதினொரு பேர்

முன்விளக்கு ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது. ஆனாலும் பஸ் முதலாளி அதைச் சவுக்கத்தால் துடைப்பதை நிறுத்தவில்லை. என் அத்தான் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, வருகிற மாதம் ஒரு சனிக்கிழமை கொடிகாமத்துக்குப் பந்தடிக்கப் போக வண்டி வேண்டும் என்று கேட்டு வெகுநேரமாகிவிட்டது. வேப்பமர நிழலில் அந்த மூக்கு நீண்ட பஸ் நின்றது. அத்தானுக்குப் பின்னால் நான் நின்றேன். முதலாளி எங்கள் இருவரையும் பார்க்காமல், விளக்கின் கண்ணாடிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “ஓவசியர் தம்பி, பதினொரு பேரையும் நான் ஏத்துறன். ஆனால் அவன் சீற்றிலை இருக்கிறதெண்டால் என்ரை பஸ் வராது.”

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். வேறு பாதையில் ஓடிய ஒரு பஸ்ஸுக்கு அந்த மாதம்தான் கல்லெறி விழுந்திருந்தது. சீற்றில் இருந்தவர் யார் என்பதற்காக விழுந்த கல் அது. கண்ணாடித் துண்டு குத்திச் சாரதிக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்குப் பலகையில் சேர்ந்து இருக்கலாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. அதைக் கேட்டு நடந்த சில பள்ளிக்கூடங்களின் ஓலைக் கொட்டகைகள் எரிந்தும் போயிருந்தன. பஸ்ஸில் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் பனைசீவும் குடும்பத்தில் பிறந்தவர் நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் எங்கள் கால்களுக்கிடையில் தரையில் குந்த வேண்டும். இதை ஒரு சட்டம் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பஸ் முதலாளி ‘அவன்’ என்று சொன்ன ஆளை நாங்கள் ரைட் அவுட் என்று அழைத்தோம். எங்கள் குழுவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. கோலி, சென்ரர், புல் பாக் என்று கால்பந்து மைதானத்தில் நிற்கும் இடத்தையே பெயராக வைத்திருந்தோம். நான் இன்சைட் ரைட், அதாவது அவருக்குப் பக்கத்தில் நின்று அவருக்குப் பந்து கொடுப்பவன். அந்நாளில் நானும் அவரை ‘அவன்’ என்றுதான் சொன்னேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவரை ‘நீ’ என்றேன். அவர் என்னை, எசமான் என்பதுபோல, ‘நயினார்’ என்றார். ஆனால் பந்து உருளத் தொடங்கினால் நயினார் என்று முழுதாகச் சொல்லி முடிக்க நேரம் இராது. மைதானத்துக்குள் மட்டும் அவர் என்னை “இன்சைட்” என்று கூப்பிடுவார். விசில் ஊதியதும் மறுபடி நயினார் ஆகிவிடுவேன்.

அத்தான் எங்கள் காப்டன். என் அக்காவைக் கட்டி எங்கள் வீட்டோடு வந்து இருந்தவர். தெருவேலைப் பகுதியில் ஓவசியர். அவரைச் சீர்திருத்தக்காரர் என்று யாராவது சொன்னால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். எந்த மேடையிலும் ஏறியவர் அல்லர். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு நல்ல ரைட் அவுட், அவ்வளவுதான். மிஷன் பள்ளிக்கூட வளவில் வெறுங்காலுடன் ஓடிய இந்த மனிதரைக் கண்டு, வீடு தேடிப் போய்க் கூட்டி வந்தார். ஆட்டம் முடிந்து நாங்கள் செம்பில் தண்ணீர் குடிக்கும்போது ரைட் அவுட் சிரட்டையில் வாங்கிக் குடித்ததை அத்தான் ஒருநாளும் மாற்றவில்லை. அது தவறென்று அவருக்கு அப்போது தோன்றியதா என்றுகூட எனக்குத் தெரியாது.

எல்லாம் பருத்தித்துறைக்குப் போன ஆட்டத்தோடு மாறியது. அன்று பஸ்ஸில் பத்துப் பேர் இருந்து போனோம். ரைட் அவுட் வழி நெடுகப் பின்கம்பியைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கி நின்று வந்தார். ஆட்டத்தில் அவரால் ஓட முடியவில்லை. இரண்டு முறை பந்தை வெளியே விட்டார். மூன்றாம் முறை தடுக்கி விழுந்தார். தோற்றுத் திரும்பும்போதும் அவர் நின்றுதான் வந்தார். அத்தான் அவருடைய கெண்டைக்கால் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தும்போது சொன்னார்: “குதிரையைக் கட்டி வைச்சு அடிச்சுப்போட்டு, ஓடு ஓடு எண்டால் எப்பிடி ஓடும்? இனிமேல் அவன் இருந்துதான் வருவான்.” ஒரு காப்டனுடைய கோபம் அது, பந்தடிக்காக வந்த கோபம். அதிலிருந்து எத்தனை தூரம் போக வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

பஸ் இல்லையென்றானதும் வேறு வழிகளைப் பார்த்தோம். மாட்டு வண்டிக்காரரிடம் போனால் மாடுகளுக்குச் சுகமில்லை என்றார். மாடுகள் இரண்டும் அவருக்குப் பின்னால் நன்றாக அசைபோட்டுக்கொண்டு நின்றன. சைக்கிளில் போகலாம் என்றால் எங்களில் பாதிப் பேருக்குச் சைக்கிள் இல்லை; இருந்தவர்களும் ரைட் அவுட்டைக் கோயில் வீதியால் சைக்கிளில் ஏற்றிப் போகப் பயந்தார்கள். கொழும்புத்துறையில் தோணி பிடித்துக் கடலேரியால் தென்மராட்சிக் கரைக்குப் போகலாம் என்று சென்ரர் சொன்னார். தோணிக்காரருக்கு யார் எங்கே இருக்கிறார் என்பதைப்பற்றி ஒரு கவலையும் இருக்கவில்லை. ஆனால் சோளகக் காற்று எழும்பிக் கடலேரி வெள்ளை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. கோலிக்கு நீந்தத் தெரியாது. கடைசியில் மிஞ்சியது ரெயில். “அது அரசாங்கத்தின்ரை வண்டி. ரிக்கற் எடுத்தவன் இருப்பான். ஆரும் எழுப்பேலாது” என்றார் அத்தான். காங்கேசன்துறையிலிருந்து வரும் வண்டியில் எங்கள் ஊர் ஸ்ரேசனில் ஏறினால் யாழ்ப்பாணம், நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை கடந்து கொடிகாமம். அங்கிருந்து மணல் பாதையில் நடக்க வேண்டும். வழி தெளிவாகிவிட்டது என்று எல்லாரும் ஆறுதலடைந்தோம்.

அந்த ஆறுதல் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் கொடிகாமப் பக்கத்து உறவினர் ஒருவர் அத்தானைத் தனியே கூப்பிட்டு, அந்த ஆளைக் கொண்டுவந்தால் ஆட்டம் நல்லபடி முடியாது என்று சொன்னார். யார் சொல்லச் சொன்னது என்று கேட்டதற்கு, “ஊர் கதைக்குது” என்று மட்டும் பதில் வந்தது. அதன் பிறகு எங்கள் ஊரும் கதைக்கத் தொடங்கியது. கிணற்றடியில், சந்தையில், கோயில் வாசலில் நாங்கள் போனால் பேச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டில், நாங்கள் அப்பு என்று கூப்பிடும் என் தகப்பன் இரண்டு கிழமை சத்தம் போட்டார். அப்பு ஊரில் தோட்டம் துரவு உள்ள மதிப்பான கமக்காரர். கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் எங்களுடையது. மருமகனை நேரே ஏசுவது மரியாதையில்லை என்பதால், மருமகன் கேட்கும்படியாக என்னை ஏசினார். அத்தான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

ரைட் அவுட் தானே வந்து வரவில்லை என்று சொன்னார். எங்கள் படலைக்கு வெளியே, ஒழுங்கையில் நின்றுதான் சொன்னார். “நீங்கள் போங்கோ நயினார். நான் நிக்கிறன்.” அத்தான் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு இறங்கினார். “நீ வராட்டி ஆட்டமில்லை. நாங்களும் போகேல்லை” என்றார். ரைட் அவுட் வேலிக் கிளுவையில் ஒரு இலையைக் கிள்ளி, அதை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். பிறகு, “அப்ப வாறன்” என்றார். அந்த முகத்தில் நான் சந்தோசத்தை எதிர்பார்த்தேன். அவர் ஏதோ கனமான ஒன்றைத் தூக்கச் சம்மதித்தவரைப் போல இருந்தார்.

ஆட்டம் நடந்த சனிக்கிழமை காலை அப்பு சத்தம் போடவில்லை. அதுவே எனக்கு என்னவோபோல் இருந்தது. முற்றத்தில் நின்று பாடம்போட்டுக் கட்டியிருந்த புகையிலையை அவிழ்த்து வெயிலில் விரித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், கவனமாகப் போய் வா என்றார். அம்மா கட்டித் தந்த புட்டுப் பொட்டலத்தை என் கையில் வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கோயில் வீதியைத் தவிர்த்து நாங்கள் தோட்டங்களுக்குள்ளால் வரம்பில் நடந்து ஸ்ரேசனுக்குப் போனோம். அந்த நேரத்தில் தோட்டங்களில் துலாவின் சத்தமும் இறைப்புக்காரரின் பேச்சும் கேட்க வேண்டும். அன்று இரண்டொரு துலாதான் ஆடியது. இறைத்துக்கொண்டிருந்தவர்களும் எங்களைக் கண்டு தலை நிமிர்த்தவில்லை. வழியில் பனங்கூடல் ஓரத்தில் ரைட் அவுட் எங்களுக்காகக் காத்து நின்றார். வெள்ளைச் சேட்டும் களிசானும் போட்டிருந்தார். ஊருக்குள் அவர் சேட்டுப் போட்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை.

ரெயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டியின் நீண்ட வாங்கு. அத்தான் முதலில் ஏறி, யன்னலோரத்தைக் காட்டி, “இரு” என்றார். ரைட் அவுட் வாங்கின் விளிம்பில், முழுதாக இருக்காதவர்போல இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவருடைய தோள் என் தோளில் பட்டது. ஒரு வருடமாக அவரோடு பந்தடித்திருக்கிறேன், விழுந்திருக்கிறேன், மோதியிருக்கிறேன். ஆனால் பக்கத்தில் இருந்தது கிடையாது. எதிர் வாங்கில் இருந்த ஒரு பெரியவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பதினொரு பேரும் ஒரே மாதிரியான சேட்டும் களிசானும். யார் யாரென்று அவரால் பிரிக்க முடியவில்லை. சாவகச்சேரியில் அவர் இறங்கிப் போகும்வரை நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கொடிகாமத்தில் எதிர்க் குழுவின் காப்டன் வந்து நின்றார். தபால் கந்தோரில் வேலை செய்த இளைஞர். அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்டும் நடவாது, நான் நிக்கிறன்” என்றார். அப்படிச் சொன்னதால்தான் எங்களுக்குப் பயம் வந்தது. மணல் பாதையில் தென்னந்தோட்டங்களுக்கு நடுவே நடந்தோம். வேலிகளுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். நாங்கள் கடந்ததும் வேலிக்கு அந்தப் பக்கமாக எங்களுடனேயே நடந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் இறங்கிப் பிரச்சினை ஆகக்கூடாது என்பதற்காக அத்தான் ஸ்ரேசனடியிலேயே பதினொரு சோடாப் போத்தல் வாங்கிச் சாக்கில் போட்டிருந்தார். போத்தலில் குடித்தால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் குடிக்க வேண்டும்.

மைதானத்தைச் சுற்றி நிறையச் சனம். தென்னை மரங்களின் கீழே இருந்தார்கள், நின்றார்கள், சிலர் மரத்தில் சாய்ந்திருந்தார்கள். இத்தனை பேர் கூடிய இடத்தில் இவ்வளவு அமைதியை நான் பிறகு ஒரு செத்த வீட்டில்கூடக் கண்டதில்லை. அவர்களுடைய ஆள் முதலில் கோல் போட்டபோது ஆரவாரம் எழும்பி உடனே அடங்கியது. இடைவேளைக்குப் பிறகு வலப் பக்கத்தால், நான் தட்டிவிட்ட பந்தை ரைட் அவுட் எடுத்துக்கொண்டு போனார். பருத்தித்துறையில் நடுங்கிய கால்கள் அன்று மணலில் பதியவேயில்லை. ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார், அவர்களுடைய கோலி முன்னால் ஓடி வர, பந்தை அவருக்கு மேலால் மெல்லத் தூக்கி வலைக்குள் விட்டார். ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் ஏசவுமில்லை. காற்றில் தென்னோலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் ஆட்களும் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. எல்லாரும் சனத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் தனியாகத் திரும்பி நடந்து வந்து தன் இடத்தில் நின்றார்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கை கொடுக்கும்போது வரிசையின் கடைசியில் நின்ற ரைட் அவுட் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர்களுடைய காப்டன் எங்கள் பத்துப் பேருக்கும் கை கொடுத்துவிட்டு அவருக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். ரைட் அவுட் அசையவில்லை. நீட்டிய கையும் இறங்கவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ரைட் அவுட் பின்னால் இருந்த கையை எடுத்து மணலைத் துடைத்துவிட்டுக் கொடுத்தார். சனம் கலையத் தொடங்கியது.

நாங்கள் ஸ்ரேசனுக்குத் திரும்பும்போது கையில் நீண்ட பொல்லுடன் ஒரு கறுத்த, உயர்ந்த மனிதர் எங்களைத் தொடர்ந்து வந்தார். நாங்கள் நின்றால் நின்றார். வேகமாக நடந்தால் வேகமாக நடந்தார். எங்களில் யாருக்கும் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. அத்தான் மெல்லப் பின்தங்கி ரைட் அவுட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். மேடையில் ஏறி ரெயிலுக்காக நின்றபோதுதான் அந்த மனிதர் கிட்ட வந்து வாய் திறந்தார். “தபால்காரத் தம்பி உங்களை ரெயில் ஏத்திப்போட்டு வரச் சொன்னவர்” என்றார். காவலுக்கு வந்தவர் அவர்.

ரெயில் புறப்பட்டதும் எங்களுக்குப் பிடித்த சிரிப்பை என்னால் சொல்ல முடியாது. பயந்த பயமெல்லாம் சிரிப்பாக வந்தது. கோலி அந்தப் பொல்லுக்காரரைப் போல நடந்து காட்டினார். சென்ரர் பாடத் தொடங்கினார். அத்தான் மீதியிருந்த புட்டை எல்லாருக்கும் பகிர்ந்தார். ரைட் அவுட்டுக்கும் தன் கையால் அள்ளிக் கொடுத்தார். அவர் வாங்கி வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை. போகும்போது வாங்கின் விளிம்பில் இருந்தவர் இப்போது யன்னலில் முகத்தை வைத்து, வண்டி போகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாவற்குழிப் பாலத்தில் உப்புக் காற்று அடித்தது. வெயில் தாழ்ந்து தண்ணீர் சிவந்திருந்தது. என்ன யோசனை என்று கேட்டேன். “ஒண்டுமில்லை நயினார்” என்றார்.

யாழ்ப்பாணம் கழிந்து கோண்டாவில் தாண்டியதும் பனங்கூடலுக்கு மேலே ஒரு புகை தெரிந்தது. மெல்லிய, உயர்ந்த புகை. யாரோ தோட்டத்துக் குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்றேன். ரைட் அவுட் எழுந்து வாசலுக்குப் போனார். எங்கள் ஸ்ரேசனில் வண்டி முழுதாக நிற்குமுன்பே குதித்தார். மைதானத்தில் எப்படி ஓடினாரோ அப்படியே, கைகளை உடம்போடு ஒட்டி, தலையைச் சற்றுக் குனிந்து, தண்டவாளத்தைக் கடந்து தோட்டங்களுக்குள்ளால் ஓடினார். அவருடைய வாங்கில் புட்டு இலையோடு இருந்தது. அப்போதுதான் அத்தான் “ஐயோ” என்றார். உரக்கச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு அடங்கிவிட்டது. பனையோலைக் குடிசை முழுதாக எரிந்து நாலு மூலைக் கப்புத் தூண்கள் மட்டும் கரியாய் நின்றன. கள்ளு முட்டிகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து உடைத்திருந்தார்கள். பாளைக்கத்தியின் பிடி எரிந்து இரும்பு மட்டும் கிடந்தது. அவர் சீவும் பனைகளில் பாளைகளை வெட்டி எறிந்திருந்தார்கள். அவை முற்றமெங்கும் கிடந்து ஈ மொய்த்தன. அவருடைய தாயும் தங்கையும் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தான் ஒரு தடியை எடுத்துச் சாம்பலைக் கிளறினார். ஒவ்வொரு முறை தடியில் ஏதாவது தட்டும்போதும் நாங்கள் மூச்சை நிறுத்தினோம். ரைட் அவுட் மட்டும் கிளறவில்லை. மூச்சு வாங்கியபடி ஒரு பனையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் குடிசைக் கிழவர் ஒருவர் பயந்து பயந்து வந்து, தாயும் மகளும் விடியவே இனத்தவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னார். நாங்கள் கடவுளுக்கு நன்றி சொன்னோம். ரைட் அவுட் அத்தானைப் பார்த்து, “நீங்கள் போங்கோ நயினார். இருட்டுது” என்றார்.

கொடிகாமத்து வேலிகளையும் அந்தப் பொல்லையும் பார்த்துப் பயந்தோம். எங்கள் ஊரை நாங்கள் பார்க்கவேயில்லை. எந்த வண்டியில் போகிறோம், எந்த வண்டியில் வருகிறோம் என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அத்தானைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். கால் கழுவத் தண்ணீர் அள்ளிய நான் அருகில் நின்றேன். மத்தியானம் எங்கள் மாட்டுக் கொட்டிலில் ஆட்கள் கூடியதையும், அப்பு அவர்களோடு போனதையும், திரும்பி வந்து தலையில் தண்ணீர் வார்த்துத் திருநீறு பூசியதையும் அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். அழவில்லை. அத்தான் கேட்டு முடித்துவிட்டு, ஈரக் காலோடு உள்ளே போனார். அப்பு இலைக்கு முன்னால் சாப்பிட இருந்தார். அத்தான் முன்னால் நின்று, “மாமா, நீங்களும் போனனீங்களோ?” என்று கேட்டார்.

அப்பு பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் எங்கள் குடும்பம் ஒருவேளை ஒன்றாக இருந்திருக்கும். கறியைச் சோற்றில் விட்டபடி, அமைதியாக, தான் செய்த ஒரு நல்ல காரியத்தை விளக்குகிறவர்போலச் சொன்னார்: “உள்ளுக்கை ஆக்கள் இல்லை எண்டு பாத்துத்தான் தம்பி செய்தது.”

மறுநாள் அத்தான் ஊருக்கு அரசாங்க அதிகாரியான விதானையாரிடம் முறையிடப் போனார். அடுப்பு நெருப்புப் பிடித்திருக்கும் என்றார் விதானையார். ஆட்கள் இல்லாத வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அத்தான் கேட்டதற்கு, ஓவசியர் தெருவைப் பார்த்தால் போதும் என்று பதில் வந்தது. அந்தக் கிழமையே அத்தான் அக்காவையும் பெட்டி படுக்கையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார். மாடுகளுக்குச் சுகமில்லை என்று சொன்ன அதே வண்டிக்காரர்தான் வந்தார். அம்மா படலைவரை போனார். அப்பு தோட்டத்திலிருந்து வரவில்லை. ரைட் அவுட்டின் குடும்பம் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தது. எந்த வழியால், எதில் ஏறிப் போனார்கள் என்பதைக் கண்டவர் இல்லை. அதன் பிறகு எங்கள் குழு கூடவில்லை. அத்தான் பந்தையே தொடவில்லை.

அக்கா அந்த வீட்டுக்குள் மறுபடி கால் வைத்தது அப்பு செத்த அன்றுதான். வந்தார், தலைமாட்டில் சிறிது நேரம் இருந்தார், எழும்பிப் போனார். இன்று அந்த வீடும் எங்களிடம் இல்லை. அந்தப் பாதையில் இப்போது பஸ்கள் நிறைய ஓடுகின்றன. இளம் பிள்ளைகள் முண்டியடித்து ஏறி, அகப்பட்ட சீற்றில் விழுந்து இருக்கிறார்கள். அவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டதுண்டு. பனங்கூடல் இருந்த இடத்தில் எவனோ கல்வீடு கட்டியிருக்கிறான். நெருப்பு வைத்தவர்களில் ஒருவர்கூடத் தண்டனை பெறாமல், மரியாதையோடு முதிர்ந்து, பேரப்பிள்ளைகள் தீப்பந்தம் பிடிக்கச் சுடலைக்குப் போனார்கள். என் தகப்பனும் அவர்களில் ஒருவர்.

ரைட் அவுட்டை நான் அதன் பிறகு ஒரு தடவைதான் கண்டேன். இரண்டாம் உலக யுத்த காலம். அரிசிப் பங்கீட்டுக் கந்தோர் வேலையாக நான் கிளிநொச்சிப் பக்கம் போயிருந்தேன். பட்டாளத்து வண்டிகளுக்கு வழிவிட்டு எங்கள் ரெயில் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாத ஒரு பின்னேரம். பரந்தன் ஸ்ரேசன் மேடையில் நெல்லு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்து எழும்பினார். நெற்றி ஏறிவிட்டது; உடம்பு இறுகியிருந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் காடு வெட்டிச் செய்த வயல், தங்கைக்குக் கலியாணம், தாய் காய்ச்சலில் போனது எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். அத்தானைப்பற்றிக் கேட்டார். நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றதும் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் என் தகப்பனைப்பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அது அவருக்குத் தெரிந்திருந்தது. தாயும் தங்கையும் அன்று வீட்டில் இல்லாமல் போனது கடவுள் செயல் என்று நான் சொன்னபோது அவர் தலையாட்டவில்லை.

“அண்டு விடியக் கள்ளு வாங்க ஒருத்தரும் வரேல்லை” என்றார். “ஒவ்வொரு நாளும் வாற சனம். முட்டி நிறைஞ்சு நுரை வழியுது, படலையிலை ஆளில்லை. எனக்கு விளங்கிற்றுது. அம்மாவையும் தங்கச்சியையும் அப்பவே அனுப்பிப்போட்டுத்தான் வந்தனான்.”

தெரிந்துகொண்டும் ஏன் எங்களோடு வந்தீர்கள் என்று கேட்டேன். அவரை நான் பன்மையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் இருவரும் அதைக் கவனித்தோம்.

“நிண்டிருந்தாலும் கொளுத்தியிருப்பினம். என்னையும் சேத்து” என்றார். “வந்தபடியால் ஒரு ஆட்டம் மிஞ்சிச்சுது.”

தூரத்தில் ரெயில் வரும் சத்தம் கேட்டது. வந்தது எங்கள் வண்டியல்ல. பட்டாளத்து வண்டி, விளக்கில்லாமல், நிற்காமல், மேடை அதிர ஓடிப் போனது. அதன் சத்தம் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு அந்தக் கோலைப்பற்றி நான் பேச்செடுத்தேன். அப்படி ஒரு கோலை அதன் பிறகு எங்கும் கண்டதில்லை என்றேன். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

“பந்து நீர் தந்ததுதான்” என்றார். “ஆனால் கொஞ்சம் பின்னுக்கு விட்டிட்டீர். நான் நிண்டு திரும்பி எடுக்க வேண்டி வந்தது.”